முதுகுப்பையோடு சென்னைக்குப் போகிற வன்னிப் பிள்ளைகளுக்கு

எழும்பூர் றெயில்வே ஸ்ரேசனுக்கு முன்னால், இரவு ஒன்பது மணி. நானும் மச்சாளும் ஆளுக்கொரு பையைத் தோளில் போட்டபடி ஐந்தாவது லொட்ஜின் படியில் ஏறினோம். மேசையில் இருந்த அண்ணன் நல்ல மனிசன். விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார், தண்ணீர் தந்தார். "எந்த ஊரும்மா, கேரளாவா?" என்று கேட்டார். கிளிநொச்சி என்றோம். கடவுச்சீட்டை வாங்கி ஒரு பக்கம் புரட்டியவர், அதை மூடி, இரண்டு கையாலும் எங்களிடமே திருப்பித் தந்தார். "ஃபாரின் பாஸ்போர்ட் எடுக்க மாட்டோம்மா. எங்களுக்கு அந்த லைசன்ஸ் இல்ல."

அன்றிரவு 3,200 இந்திய ரூபா கொடுத்து ஒரு ஹோட்டலில் படுத்தோம். மூன்று நாளுக்கென்று ஒதுக்கிய தங்குமிடக் காசு அது.

எட்டு நாள் சென்னையில் நின்று திரும்பிய பிறகு யோசித்துப் பார்த்தால், நாங்கள் பட்ட கரைச்சல் எல்லாம் ஒரே இடத்தில் இருந்துதான் வந்தது. அங்கே எல்லாரும் தமிழ் கதைக்கிறார்கள், கடைப் பலகை தமிழில் இருக்கிறது, கோயிலில் அதே தேவாரம். அதனால் அது இன்னொரு நாடு என்பதை மறந்துவிடுகிறோம். பாங்கொக் போகிறவன் பத்துத் தரம் விசாரிப்பான். சென்னை போகிற நாங்கள் விசாரிப்பதில்லை. கீழே உள்ளதைப் படிப்படியாகச் செய்யுங்கள். நாங்கள் இழந்த காசும் நித்திரையும் உங்களுக்கு மிஞ்சும்.

1. எப்போது போவது என்பதை முதலில் முடிவெடுங்கள்

ஒக்டோபர் நடுவில் இருந்து டிசம்பர் முடியும்வரை வேண்டாம். எங்களுக்கு மழை கொட்டுகிற அதே வடகீழ்ப் பருவக்காற்றுத்தான் சென்னைக்கும். அங்கே தெருவில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும், விமானமும் கப்பலும் பிந்தும். ஏப்ரல் கடைசியும் மே மாதமும் வெயில் தாங்காது. தைப்பொங்கலை ஒட்டிய ஒரு கிழமை பஸ், றெயில், லொட்ஜ் எதிலும் இடம் கிடைக்காது.

எங்கள் ஆட்களுக்குத் தோதான காலம் காலபோக நெல் வெட்டு முடிந்து கையில் கொஞ்சம் காசு இருக்கிற பெப்ரவரி, மார்ச். வெயிலும் அப்போது பொறுக்கக்கூடியது. கடவுச்சீட்டு இல்லாதவர்கள் அதிலிருந்து குறைந்தது மூன்று மாதம் பின்னோக்கி எண்ணி, நவம்பரிலேயே பத்திர வேலையைத் தொடங்குங்கள்.

2. கடவுச்சீட்டு: வன்னியில் இதுதான் நீளமான படி

வேறு ஊர்க்காரருக்கு இது ஒரு நாள் வேலை. எங்களில் பலருக்கு அப்படி இல்லை. போர் முடிந்த 2009க்கு முன் பிறந்தவர்களின் பிறப்புச் சான்றிதழ் எங்கே பதியப்பட்டது, எந்த இடப்பெயர்வில் தொலைந்தது, தகப்பன் பெயரை எந்த எழுத்தில் பதிந்தார்கள் என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு ஒரு கதை. மாமி ஒரு சொப்பிங் பையைப் பத்திரமாக வைத்திருந்தார். மாத்தளனிலிருந்து செட்டிகுளம் முகாம்வரை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்த பை. மச்சாளின் பிறப்புச் சான்றிதழ் அதற்குள் இருந்தது. மடிப்புக் கிழிந்து, ஒரு மூலையில் தண்ணீர்க் கறை, பதிவு இலக்கத்தின் கடைசி எண் அழிந்துபோய். அதைக் கொண்டுபோய் நீட்ட முடியாது.

செய்ய வேண்டியது இது. பழைய சான்றிதழை அல்லது அதன் பிரதியை எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்குப் போய்ப் புதிய பிரதி கேளுங்கள். கணினியில் ஏற்றப்பட்ட பதிவு என்றால் பிறந்த மாவட்டத்துக்கே போகத் தேவையில்லை. புதிய பிரதி கைக்கு வந்ததும் அங்கேயே நின்று மூன்று விடயத்தைச் சரிபாருங்கள்: உங்கள் பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி. தேசிய அடையாள அட்டையில் இருப்பதோடு ஒரு எழுத்தாவது மாறினால் முதலில் அதைத் திருத்துங்கள். திருத்தம் மாதக்கணக்கில் இழுபடலாம். "பாஸ்போர்ட் எடுத்த பிறகு பார்ப்போம்" என்று விட்டவர்கள் பிறகு விசாவிலும் விமான ரிக்கற்றிலும் இடறுகிறார்கள்.

பத்திரம் சரியானதும் அனுமதி பெற்ற ஸ்ரூடியோவில் கடவுச்சீட்டுப் படம் எடுங்கள். அந்தப் படத்தை அவர்கள் நேரே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டு உங்களிடம் ஒரு துண்டுதான் தருவார்கள். அதைத் தொலைக்க வேண்டாம். அதே இருப்பில், வெள்ளைப் பின்னணியில் சதுரமான இன்னொரு படத்தையும் கோப்பாக வட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்திய விசாவுக்கு அது வேண்டும். நாங்கள் கேட்காமல் வந்து, மீண்டும் பரந்தனில் இருந்து பஸ் ஏற வேண்டியதாயிற்று.

விண்ணப்பப் படிவம் கே 35 ஏ. கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, 2025 செப்ரெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலும் ஒன்று திறந்தார்கள். போகுமுன் திகதி பதிவுசெய்யுங்கள். சாதாரண சேவைக்கு 10,000 ரூபா, ஒருநாள் சேவைக்கு 20,000 ரூபா. மூன்று மாதம் முன்பே தொடங்கினால் அந்த 10,000 ரூபா மிச்சம், அது சென்னையில் இரண்டு பேரின் நாலைந்து நாள் சாப்பாடு. வாசலில் நின்று "நான் கெதியாய் எடுத்துத் தாறன்" என்கிறவர்களிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

3. இந்திய விசா

சுற்றுலாவுக்கு இ-விசா போதும், வீட்டில் இருந்தே விண்ணப்பிக்கலாம். பயணத்துக்குக் குறைந்தது நாலு நாள் முன்பு என்பது விதி. நீங்கள் இரண்டு கிழமை வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டில் ஆறு மாதச் செல்லுபடியும் இரண்டு வெற்றுப் பக்கமும் இருக்க வேண்டும்.

இதில் உள்ள பெரிய பொறி போலி இணையத்தளம். கூகிளில் தேடினால் முதலில் வருகிற சிலது தரகர்களின் பக்கம். பார்க்க அரசாங்கத் தளம் போலவே இருக்கும், பல மடங்கு காசு வெட்டும். உண்மையான தளத்தின் முகவரி "கொவ் டொட் இன்" என்று முடியும். அப்படி முடியாவிட்டால் மூடிவிடுங்கள்.

படிவம் நீளம். இடையில் மின்சாரம் போனாலும் பயமில்லை, தற்காலிக இலக்கம் ஒன்று தருவார்கள், அதை எழுதி வைத்தால் விட்ட இடத்தில் தொடரலாம். எங்கள் ஆட்கள் தடுமாறுகிற மூன்று கேள்விகளை மட்டும் சொல்கிறேன்.

பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை, தகப்பன் பெயர்தான். கடவுச்சீட்டில் எந்தப் பெட்டியில் எது அச்சாகி இருக்கிறதோ அதையே அதே பெட்டியில் எழுதுங்கள். உங்களுக்குச் சரியெனப் படுகிற மாதிரி மாற்ற வேண்டாம். விமான ரிக்கற்றிலும் அதே ஒழுங்கு.

இந்தியாவில் தெரிந்தவர். சொந்தக்காரர் இருந்தால் அவர் முகவரி, இல்லாவிட்டால் தங்கப்போகிற இடத்தின் பெயர், முகவரி, தொலைபேசி.

முன்பு இந்தியாவில் இருந்தீர்களா என்ற கேள்வி. வன்னியில் எத்தனையோ குடும்பம் தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்து திரும்பி வந்தது. அப்படி இருந்தால் உண்மையை எழுதுங்கள். மறைத்து, பிறகு விமான நிலையத்தில் விரல் அடையாளம் வைக்கும்போது பிடிபட்டால் திருப்பி அனுப்பலாம். இன்னமும் முகாமில் இருக்கிற சொந்தங்களைப் பார்க்கப் போகிறவர்கள் இதையும் மனதில் வையுங்கள்: வெளிநாட்டுக்காரர் முகாமுக்குள் நினைத்தபடி போய்த் தங்க முடியாது. சந்திப்பை வெளியில் ஒரு கோயிலிலோ கடையிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி மின்னஞ்சலில் வந்ததும் இரண்டு பிரதி அச்செடுங்கள். போனில் காட்டலாம் என்று நம்பிப் போகாதீர்கள். இன்னொன்று, 2025 ஒக்டோபர் 1 முதல் இந்தியாவுக்குள் வருகிற வெளிநாட்டுக்காரர் இ-வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முந்திய 72 மணித்தியாலத்துக்குள் நிரப்புவது, காசு இல்லை. யாராவது காசு கேட்டால் அது போலி.

4. பலாலியா, காங்கேசன்துறையா, கட்டுநாயக்காவா

கிளிநொச்சியில் இருந்து கட்டுநாயக்காவுக்கு ஒரு இரவு முழுக்க பஸ். பலாலி விடியவே வெளிக்கிட்டால் காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் போய்ச் சேருகிற தூரம். பலாலியில் இருந்து சென்னைக்குப் பறப்பது ஒன்றேகால் மணித்தியாலம். கொழும்பு ரிக்கற் சில நாள் மலிவாகத் தெரியும். அதோடு பஸ் காசு, வழிச் சாப்பாடு, ஒரு இரவு நித்திரை எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். சிறிய விமானம் என்பதால் பொதி நிறையில் கண்டிப்பு. கைப்பை ரிக்கற்றில் குறித்த நிறைக்கு மேல் போனால் மேலதிகக் காசு. வீட்டில் அரிசி நிறுக்கிற தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

காங்கேசன்துறையில் இருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் ஓடுகிறது. கடலில் ஏறக்குறைய நாலு மணித்தியாலம். வேளாங்கண்ணி, நாகூர், தஞ்சாவூர் பார்க்கிறவர்களுக்கு அதுதான் வசதி. சென்னை மட்டும் என்றால் நாகபட்டினத்தில் இறங்கி இன்னும் 300 கிலோமீற்றர் போக வேண்டும். மழைக் காலத்தில் சேவையை நிறுத்துவார்கள். கப்பலில் போகிறவர்கள் தங்களிடம் உள்ள இ-விசா அந்தத் துறைமுகத்தில் செல்லுமா என்று ரிக்கற் எடுக்கும் முன்பே கேட்டு உறுதி செய்யுங்கள். இ-விசா எல்லா வாசலிலும் செல்லாது.

5. தங்குமிடம்: போகுமுன் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்

எங்களை ஐந்து லொட்ஜ் திருப்பி அனுப்பியதற்கு வெறுப்போ சந்தேகமோ காரணமில்லை. இந்தியாவில் வெளிநாட்டுக்காரரைத் தங்கவைக்கிற எவரும் 24 மணித்தியாலத்துக்குள் அதை இணையத்தில் அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். ஃபோர்ம் சி என்று எல்லாரும் சொல்கிற பதிவு அது. சின்ன லொட்ஜுகளுக்கு அந்தக் கணக்கு இல்லை. திருவல்லிக்கேணியில் மாதக் கணக்கில் மலிவாகக் கிடைக்கிற மேன்சன்களுக்கும் இல்லை. அவர்கள் எங்களை எடுத்தால் அவர்களுக்குத்தான் வழக்கு. இணையத்தில் பதிவுசெய்து காசும் கட்டியிருந்தாலும் வாசலில் மறுக்கலாம், அந்தக் காசு திரும்பி வர நாளெடுக்கும்.

ஆகவே கிளிநொச்சியில் இருக்கும்போதே போன் எடுத்து இப்படிக் கேளுங்கள்: "நாங்க ஸ்ரீலங்கன் பாஸ்போர்ட். ஃபாரினர்ஸுக்கு ரூம் குடுப்பீங்களா? ஃபார்ம் சி போடுவீங்களா?" அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். முதலாவதுக்கு "வாங்க பாத்துக்கலாம்" என்பார்கள், இரண்டாவதுக்கு உண்மை வெளியே வரும். ஆம் என்றால் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அதையே வட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

எழும்பூர் கென்னத் லேன், பெரியமேடு, வடபழனிப் பக்கம் தேடலாம். மறுநாள் எங்களுக்கு எழும்பூரிலேயே 1,200 ரூபாவுக்கு இரண்டு பேர் படுக்கிற அறை கிடைத்தது. முதல் நாள் நின்ற தெருவில் இருந்து நூறு மீற்றர் தள்ளி. வாடகையை விட முதலில் பார்க்க வேண்டியது கதவின் உள் தாழ்ப்பாள், குளியலறை யன்னல், இரவில் மேசையில் ஆள் இருக்கிறாரா என்பது. பெண்பிள்ளைகள் தனியே போகிறபோது ஸ்ரேசனுக்கு நடக்கிற தூரத்தில், வெளிச்சமான தெருவில் எடுங்கள். இதற்காக 200 ரூபா கூடக் கொடுப்பதில் தவறில்லை.

சொந்தக்காரர் வீட்டில் நிற்கிறவர்களுக்கும் இதே சட்டம். வளசரவாக்கத்தில் மாமா வீடு இருக்கிறது, பிரச்சினையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வீட்டுக்காரரும் பதிய வேண்டும். பதியாமல் நின்றால் உங்களைவிட அவருக்குத்தான் கரைச்சல், அவர் வாடகை வீட்டில் இருந்தால் இன்னும் மோசம். போகுமுன் அவரோடு கதைத்து வையுங்கள்.

6. காசு, சிம், சார்ஜர்

ஒரு இந்திய ரூபா ஏறக்குறைய மூன்றரை இலங்கை ரூபா. ஒவ்வொரு விலையையும் பெருக்கிப் பார்க்கிற பழக்கம் முதல் நாளே வர வேண்டும். "நூறு ரூபாதானே" என்றால் 350 ரூபா போகிறது.

கடவுச்சீட்டு, விசா, ரிக்கற் மூன்றையும் கொண்டு வங்கிக்குப் போய் டொலர் வாங்குங்கள். மடிப்பும் எழுத்தும் இல்லாத தாள்களாகக் கேளுங்கள். சென்னையில் அனுமதி பெற்ற நாணய மாற்றுக் கடையில் மட்டும் மாற்றி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள். விமான நிலையத்தில் முதல் நாளுக்கு வேண்டியதை மட்டும் மாற்றுங்கள், அங்கே விகிதம் குறைவு. வங்கி அட்டையை வெளிநாட்டில் பாவிக்கத் திறந்துவிடும்படி இங்கேயே சொல்லுங்கள். அதோடு இலங்கைச் சிம்முக்கு ரோமிங் போடுங்கள். வங்கி அனுப்புகிற இரகசிய எண் அந்தச் சிம்முக்குத்தான் வரும். சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு அட்டையை மட்டும் கொண்டு திரிந்தால் இணையத்தில் ஒன்றும் வாங்க முடியாது.

அங்கே தேநீர்க் கடையிலும் பூக்காரம்மாவிடமும் போனில் காசு செலுத்துகிறார்கள். எங்களிடம் அந்த வசதி இல்லை. தாள் காசு எல்லா இடமும் வாங்குவார்கள், ஆனால் 500 ரூபாத் தாளுக்குச் சில்லறை இருக்காது. பெரிய கடையில் மாற்றி 10, 20, 50 என்று எப்போதும் கையில் வைத்திருங்கள்.

இந்தியச் சிம் எடுக்கக் கடவுச்சீட்டு, விசாப் பிரதி, படம், தங்குமிட முகவரி, உள்ளூரில் ஒருவரின் எண் எல்லாம் கேட்பார்கள். நிறுவனத்தின் சொந்தக் கடையிலேயே எடுங்கள். வேலை செய்யத் தொடங்க ஒரு நாள் செல்லலாம். அதனால் முதல் நாள் போகிற வழி, லொட்ஜ் எண், தூதரக எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயம் நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது.

எங்கள் வீடுகளில் உள்ள மூன்று சதுரக் கால் சார்ஜர் அங்கே செருகாது. உருண்டைக் கால் உள்ள ஒரு மாற்றியை இங்கேயே வாங்குங்கள். சின்ன விடயம்தான், ஆனால் போன் செத்தால் வரைபடமும் இல்லை, வீட்டுக்குக் குரலும் இல்லை.

7. நாளாந்தம் போய்வருவது

விமான நிலையத்தால் வெளியே வந்ததும் ராக்சிக்காரர் சூழ்வார்கள். அவர்களைத் தாண்டி வீதியைக் கடந்தால் எதிரிலேயே திரிசூலம் ஸ்ரேசன். அங்கிருந்து எழும்பூருக்கு மின்சார றெயிலில் பத்து ரூபாவுக்கு மேல் வராது. மெற்றோவும் இருக்கிறது, குளிரூட்டியது, எவ்வளவு தூரம் போனாலும் 50 ரூபாவுக்குள்.

மின்சார றெயிலில் ஒரு பொறி. முதலாம் வகுப்புப் பெட்டி பார்க்கச் சாதாரணப் பெட்டி போலவே இருக்கும். நெரிசல் இல்லையே என்று ஏறினால் பரிசோதகர் தண்டம் எழுதுவார். பெட்டியின் வெளியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து ஏறுங்கள். பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு.

மாநகர பஸ்ஸில் ஆகக் குறைந்த கட்டணம் 5 ரூபா. சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், முன்பக்கம் இளஞ்சிவப்பு பூசியிருக்கும். ஆனாலும் ரிக்கற் கேட்டு வாங்க வேண்டும், காசில்லாத ரிக்கற் ஒன்று தருவார்கள். எங்கள் ஊரில் கொண்டக்டர் எங்களிடம் வருவார். அங்கே அவர் பின்கதவுக்குப் பக்கத்துச் சீற்றில் இருப்பார், காசு ஆள்மாறிக் கைமாறி அவரிடம் போகும், ரிக்கற்றும் மிச்சக் காசும் அதே கைகள் வழியே திரும்பி வரும். முதல் தரம் கட்டண பஸ் ஒன்றில் நான் காசை முன்னால் நின்ற அம்மாவிடம் கொடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு கை மாறியது, மிச்சக் காசு பத்திரமாக வந்து சேர்ந்தது.

ஓட்டோ ஏறுமுன் விலை பேசுங்கள், அல்லது செயலி வழியே அழையுங்கள்.

திருச்சி, மதுரை, தஞ்சாவூர் என்று தெற்கே போகிறவர்கள் பழைய பஸ் நிலையமான கோயம்பேட்டுக்குப் போய் ஏமாற வேண்டாம். தென்மாவட்ட பஸ்கள் இப்போது பெரும்பாலும் 2023 டிசம்பர் 30இல் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்தில் இருந்துதான். நகர மையத்தில் இருந்து 30 கிலோமீற்றர் அளவு தள்ளி. இரவு பத்து மணி பஸ் என்றால் எட்டுக்கே வெளிக்கிடுங்கள். றெயில் என்றால் தெற்கே போவது பெரும்பாலும் எழும்பூரில், வடக்கும் மேற்கும் சென்ட்ரலில். இருக்கை பதிய, சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்துக்குக் கடவுச்சீட்டோடு நேரே போய்விடுங்கள்.

8. சாப்பாடும் கதையும்

மாநகராட்சி நடத்துகிற அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபா, பொங்கலும் சாம்பார் சாதமும் ஐந்து ரூபா, தயிர்ச் சாதம் மூன்று ரூபா. காலை ஏழிலிருந்து பத்து, மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று. வேலைக்குப் போகிற ஏழைச் சனங்களுக்காக நடக்கிற இடம் அது. வரிசையில் நின்று, வேண்டியதை மட்டும் வாங்கி, வீணாக்காமல் சாப்பிடுங்கள். மதியத்தில் வேறு கடைக்குப் போனால் அளவுச் சாப்பாடா முழுச் சாப்பாடா என்று கேளுங்கள். முழுச் சாப்பாட்டில் சோறும் கறியும் திரும்பத் திரும்பப் போடுவார்கள், ஒருவரின் இலையில் இருவர் சாப்பிட விடமாட்டார்கள். தண்ணீர் ஒரு லீற்றர் போத்தல் 20 ரூபா. குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம், இரண்டாம் நாளே மச்சாளுக்கு வயிறு குழம்பி ஒரு பகல் முழுக்க அறையில் கிடந்தோம். ஜீவனி பைக்கற் நாலைந்து கொண்டுபோங்கள்.

எங்கள் சொற்கள் சில அங்கே விளங்காது. தேத்தண்ணி என்றால் நின்று பார்ப்பார்கள், டீ என்று கேளுங்கள். துவாய் டவல், சவர்க்காரம் சோப்பு, பாண் பிரெட், கச்சான் வேர்க்கடலை. சீனியை அவர்கள் பெரும்பாலும் சர்க்கரை என்பார்கள். சலரோகக்காரரை அழைத்துப்போனால் "சர்க்கரை போடாமல்" என்று சொல்ல வேண்டும், எங்கள் சர்க்கரை அங்கே வெல்லம். "பஸ் எத்தனைக்கு வெளிக்கிடும்" என்பதற்குப் பதில் "எத்தனை மணிக்குக் கிளம்பும்". கதையை மாற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. எங்கள் தமிழைக் கேட்டு நின்று அன்பாகக் கதைத்தவர்கள்தான் எங்களுக்கு அதிகம். அவசரத்துக்கு நாலு சொல் தெரிந்திருந்தால் போதும்.

9. பார்க்கப் போகும்போது கடவுச்சீட்டைக் காட்டுங்கள்

மகாபலிபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் வெளிநாட்டுக்காரருக்கு 600 ரூபா, இந்தியருக்கு 40 ரூபா. சார்க் என்கிற தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பில் உள்ள நாட்டுக்காரருக்கும் அந்த 40 ரூபாதான். இலங்கை அதில் ஒன்று. வரிசையில் "சார்க், ஸ்ரீலங்கா" என்று சொல்லிக் கடவுச்சீட்டை நீட்டினால் போதும். தெரியாமல் 600 கட்டிய இரண்டு பிள்ளைகளை அங்கேயே கண்டோம், புத்தளத்துப் பிள்ளைகள். தொல்லியல் துறையின் மற்ற இடங்களிலும் இந்தச் சலுகை உண்டு. மாநில அரசின் இடங்களில் அப்படியில்லை, எழும்பூர் அருங்காட்சியகத்தில் வெளிநாட்டுக் கட்டணம்தான். வெள்ளிக்கிழமை அது பூட்டு.

காசில்லாமல் நாள் போக்க மெரினாவும் மயிலாப்பூரும் எல்லாருக்கும் தெரியும். நான் போகச் சொல்வது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு. எட்டு மாடி. சிறுவர் பகுதியில் பிள்ளைகள் தரையில் படுத்துக்கிடந்து வாசிக்கிறார்கள், யாரும் அதட்டவில்லை. எங்கள் பள்ளிக்கூட நூலகத்து ஒற்றை அலுமாரியை நினைத்துக்கொண்டு நான் அங்கே ஒரு பகல் முழுக்க இருந்தேன்.

10. எங்களுக்கு எவ்வளவு முடிந்தது

எட்டு நாள், ஏழு இரவு, ஆளுக்கு. தங்குமிடம் 5,200, அந்த முதல் இரவையும் சேர்த்து. சாப்பாடு 2,400. நகரத்துக்குள் போக்குவரத்து 640. மகாபலிபுரம் போய்வர 300. சிம்மில் பாதிப் பங்கு 225. மொத்தம் 8,765 இந்திய ரூபா, எங்கள் காசில் 31,000க்குக் கிட்ட. விமானக் காசு தனி, அது இதைவிடக் கூட. ஐந்தாவது படியை ஒழுங்காகச் செய்திருந்தால் ஆளுக்கு ஆயிரம் இந்திய ரூபா குறைந்திருக்கும். இதோடு தொடாத காசாக இன்னும் 5,000 இந்திய ரூபாவுக்கு ஈடான டொலரைப் பையின் அடியில் வைத்திருங்கள், வருத்தம் வந்தாலோ விமானம் பிந்தினாலோ அதுதான் கை கொடுக்கும்.

11. திரும்பி வரும் நாள்

மூன்று மணித்தியாலம் முன்பே விமான நிலையத்தில் நில்லுங்கள். லொட்ஜ் பற்றுச்சீட்டுகளைக் கையில் வையுங்கள், எங்கே தங்கினீர்கள் என்று கேட்டால் அதைக் காட்டலாம். ஒரே மாதிரிச் சேலை பத்துப் பதினைந்து பையில் கட்டிக்கொண்டு வந்தால் பலாலியில் சுங்கத்தில் வியாபாரத்துக்கா என்று கேட்பார்கள், ஊராருக்கு வாங்கிக்கொடுக்க ஒத்துக்கொள்ள வேண்டாம். பின்னேர விமானம் என்றால் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு வரும்போது பொழுது பட்டுவிடும். பயப்படத் தேவையில்லை, வவுனியாவுக்கும் கொழும்புக்கும் போகிற பஸ்கள் கிளிநொச்சியைத் தாண்டித்தான் போகும். முல்லைத்தீவுப் பிள்ளைகள் பரந்தனில் இறங்க வேண்டும். இரவில் அந்தச் சந்தியில் இருந்து உள்ளே பஸ் கிடைக்காது, வீட்டில் ஒருவரை மோட்டார் சைக்கிளோடு வந்து நிற்கச் சொல்லி சென்னையில் இருந்தே போன் எடுத்துவிடுங்கள்.